சீலிங்கில் ஒட்டிய நட்சத்திரங்கள்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பெங்களூரு சந்தாபுராவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில், எங்கள் சொந்த ஃப்ளாட்டில் நடந்தது. சொந்த ஃப்ளாட் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், பாதிக்கு மேல் பேங்குக்குத்தான் சொந்தம். அதற்கு முன்னால் கல்யாணம் ஆனதிலிருந்து விவேக் நகரில் வாடகை வீட்டில் இருந்தோம். அந்த வீட்டு ஓனரம்மா சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். காலண்டர் மாட்டுவதற்கே மாடி ஏறிப்போய் அனுமதி கேட்டுவிட்டு வரவேண்டும். அங்கே இருந்த காலம் முழுக்க ஆசையை எல்லாம் அடக்கி வைத்திருந்தேன். சொந்த ஃப்ளாட்டுக்கு வந்ததும் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை.

எனக்கு சும்மா இருக்கிற சுவரைப் பார்த்தால் கை அரிக்கும். இன்டீரியர் ஆட்களைக் கூப்பிடலாம் என்று என் கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர்கள் செய்தால் அது அவர்கள் வீடு மாதிரி இருக்கும், நான் செய்தால்தான் என் வீடு என்று வீம்பு பிடித்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். பட்டி பார்ப்பது, ரோலர் பிடிப்பது, ஷெல்ஃப் மாட்டுவது எல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. முதல்முறை ஹார்டுவேர் கடையில் போய் டிரில்லிங் மெஷின் கேட்டபோது, சாருக்கா என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றதும் நம்பாமல் பார்த்தார். அப்புறம் நான் கடைப்படி ஏறினாலே "இவத்து யாவ கோடெ மேடம்" என்பார். இன்றைக்கு எந்தச் சுவர் என்று அர்த்தம். சாமான் வாங்க வந்த மற்றவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எனக்கு வெளியாள் இல்லை. என் அப்பாவோடு கூடப்பிறந்த அத்தையின் மகன். திருப்பத்தூர் பக்கம் எங்கள் சொந்தத்தில் அத்தை பையன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால், பெண்ணுக்கு என்ன குறை என்று ஊர் கேட்கும். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா அவருக்குக் கொடுத்த நற்சான்றிதழ் ஒன்றுதான். "பையன் தங்கம். விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவான்." நானும் அதை நம்பிக் கழுத்தை நீட்டினேன். அப்பா பொய் சொல்லவில்லை. பொம்மசந்திரா பக்கம் ஒரு ஃபேக்டரியில் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. பகல் ஷிஃப்ட் மட்டும்தான் போவார். லென்ஸ் வைத்த மேஜையில் உட்கார்ந்தால், அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளியே போகாது என்று கம்பெனியில் பெயர். சாயங்காலம் ஆனால் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். மற்ற புருஷன்கள் எல்லாம் வீடு திரும்ப நேரம் காலம் இல்லாத ஊரில் எனக்கு வாய்த்தவர் இப்படி. அபார்ட்மென்டில் மற்ற பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

வீட்டு அலங்காரத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை. நான் எதைச் செய்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாலும் "சூப்பர்" என்பார். பார்த்துச் சொல்கிறாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்று தெரியாது. ஒருமுறை ஹாலில் விளக்குகளை எல்லாம் மாற்றி, மங்கலான மஞ்சள் வெளிச்சம் வருகிற வார்ம் லைட் போட்டேன். ஹோட்டல் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. மறுநாளே கழற்றிவிட்டுப் பழையபடி வெள்ளை டியூப்லைட்டை மாட்டச் சொல்லி சண்டை. எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர், விளக்குக்காகக் கத்தினார். ரேஷன் கடை மாதிரி இருக்கிறது என்று நானும் கத்தினேன். அவர்தான் ஜெயித்தார்.

அடுத்தது சோபா. எனக்கு மாதத்துக்கு ஒருமுறை சாமான்களை இடம் மாற்றி வைத்தால்தான் வீடு புதிதாகத் தெரியும். அவருக்கு அது ஆகாது. "நீ எது வேணா பண்ணு. சோபாவையும் டைனிங் டேபிளையும் மட்டும் நவுத்தாத" என்பார். நான் கேட்டால்தானே. நகர்த்துவேன். அவர் போய் இடித்துக்கொள்வார். கண்ணாடி டீபாய் ஒன்று வாங்கிப் போட்டேன், அதில் முழங்காலுக்குக் கீழே அடிபடாத வாரம் கிடையாது. "கண்ணு எங்க இருக்கு மாமா, பிடரியிலயா" என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஹாலும் சமையலறையும் முடித்த பிறகு அவள் அறையை எடுத்துக்கொண்டேன். எனக்குச் சின்ன வயதில் தனி அறை என்ற ஒன்றே கிடையாது. அதனால் அவள் அறையை ராஜகுமாரி அறை மாதிரி செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன். சுவருக்கு இளநீலம், கட்டிலுக்கு வெள்ளை பெயின்ட், வெளிச்சம் துளிகூட உள்ளே வராத தடித்த திரைச்சீலை. அந்தத் திரையை நானே தைத்தேன். கடைசியாக சீலிங்குக்கு என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டேன். அவள் தோழி வீட்டில் சீலிங் முழுக்க ஸ்டார் ஒட்டியிருக்கிறார்களாம், லைட்டை அணைத்தால் மின்னுமாம், தோழி சொன்னாளாம். அதுதான் வேண்டும் என்றாள். ரேடியம் ஸ்டிக்கர் என்போமே, வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் பச்சையாக ஒளிர்வது, அது.

பெரியதும் சிறியதுமாக நிறைய வாங்கினேன். ஏணியில் நின்று கழுத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஒட்டி முடிப்பதற்குள் தலை சுற்றிவிட்டது. நடுவில் ஒரு நிலா. அதைச் சுற்றி ஏழெட்டுப் பெரிய நட்சத்திரம். மிச்சத்தை மூலைகள் வரை தெளித்துவிட்ட மாதிரி ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே அழகானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறப்பு விழா வைத்தேன். இரவுவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ஸ்டிக்கர்கள் வெளிச்சத்தைக் குடிக்கட்டும் என்று காலையிலிருந்து அறையில் விளக்கை எரியவிட்டிருந்தேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உள்ளே போனோம். கட்டிலில் மகள் நடுவிலும் நாங்கள் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டோம். திரையை இழுத்து மூடியாயிற்று, கதவு இடுக்கில் துண்டை வைத்து அடைத்தாயிற்று. நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.

சீலிங் முழுக்க வானம். நானே ஒட்டியது என்றாலும் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. நட்சத்திரங்களின் பச்சை வெளிச்சத்திலேயே நடந்து வந்து கட்டிலில் படுத்தேன். "எப்பிடி" என்று கேட்டேன்.

என் கணவர் உடனே "சூப்பர். எவ்ளோ ஸ்டார், அப்பப்பா" என்றார்.

மகளிடமிருந்து சத்தமே இல்லை. ஆசை ஆசையாகக் கேட்ட பெண், பேச்சே வராமல் மலைத்துப்போய்ப் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பம்மா வரும்" என்றாள்.

"எது?"

"ஸ்டாரு."

மேலே பாரு என்றேன். மேலேதான் பார்க்கிறேன் என்றாள். எனக்கு விளையாட்டு காட்டுகிறாள் என்று இடுப்பில் கிள்ளினேன். அவள் சிரிக்கவில்லை. நிலா எங்கே இருக்கிறது காட்டு என்றேன். கையைத் தூக்கினாள். சீலிங்கில் இருந்த வெளிச்சத்துக்கு எதிரே அந்தக் குட்டிக் கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது நிலா இல்லாத பக்கமாகப் போய் அங்கும் இங்கும் அலைந்தது. பிறகு கீழே விழுந்தது.

"அப்பாக்குத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் தெரியல" என்று அழ ஆரம்பித்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பாரு, இன்னும் கொஞ்ச நேரம் பாரு என்று ஏதேதோ சொன்னேன். அவள் அழுகை பெரிதாகிக்கொண்டே போனது. ஏதோ பரீட்சையில் தான் மட்டும் ஃபெயில் ஆகிவிட்ட மாதிரி அழுதாள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து என் கணவரின் குரல் வந்தது. அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

"அழாத கண்ணு. அப்பாக்கும் தெரியல. அப்பா பொய் சொன்னேன்."

நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அவர் கண்களைத் திறந்தபடி சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு பக்கமும் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அப்பாவுக்கும் தெரியவில்லை என்றதில் அவளுக்கு ஒரு ஆறுதல். அது நல்ல செய்தி என்று அந்த அறையில் அவள் ஒருத்திதான் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் அவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, பால்கனியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சின்ன வயதிலிருந்தே இருட்டில் அவருக்குக் கண் தெரியாதாம். எல்லாருக்கும் அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். இல்லை என்று தெரிந்தபோது வெளியே சொல்ல வெட்கம். கல்யாணத்துக்குப் பிறகு பக்கவாட்டிலும் பார்வை குறைய ஆரம்பித்திருக்கிறது. நேரே இருப்பது துல்லியமாகத் தெரியும், அதனால்தான் ஃபேக்டரி வேலையில் ஒரு குறையும் வரவில்லை. ஓரத்தில், கீழே, காலடியில் இருப்பது தெரியாது. சம்பளம் அதிகம் வந்த ஒரு வேலையை நைட் ஷிஃப்ட் என்பதற்காக விட்டார். அதற்காக நான் அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். வார்ம் லைட்டும் சோபாவும் டீபாயும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. நான் வீட்டை மாற்ற மாற்ற, அவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வீட்டை மனப்பாடம் செய்திருக்கிறார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "சொன்னா நீ பயந்துடுவ. அப்புறம் எல்லாத்துக்கும் கையப் புடிச்சுக்கிட்டே வருவ" என்றார். எனக்கு அவரை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அழுதுகொண்டே அவர் தோளில் நாலு அடி அடித்தேன், வாங்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி பரிசோதனை. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்க்கவேண்டும், உள்ளே எங்கே வெளிச்சப் புள்ளி வந்தாலும் கையில் இருக்கும் பட்டனை அமுக்கவேண்டும். மகளுக்கு அது வீடியோ கேம் மாதிரி இருந்திருக்கிறது. முடித்துவிட்டு வந்து, "ஈஸிம்மா, கொஞ்சம்தான் வந்துச்சு" என்றாள். புள்ளிகள் நிறைய வந்திருக்கும், கொஞ்சம்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு உடனே உறைத்தது.

டாக்டரம்மா கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். முதல் கேள்வியே, "ரிலேஷன்லயா மேரேஜ்?" என்பதுதான். அத்தை பையன் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு பொறுமையாக விளக்கினார். இது விழித்திரையில் வருகிற பரம்பரைக் கோளாறு. முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரப் பார்வை சுருங்கும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகும், சிலருக்கு அதுவும் போய்விடும். இன்றைய தேதிக்கு எங்களுக்குக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, நம்பிக்கையோடு இருங்கள் என்றார். மகளுக்கு ஆரம்பக் கட்டம்தான், பகலில் பல வருஷம் நன்றாகப் பார்ப்பாள் என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். "எனக்கு வந்தது போகட்டும். அவளுக்குக் குடுத்துட்டேனே" என்று என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான்தான் திருத்தினேன். டாக்டரம்மா சொன்னதை அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தைக்கு இந்த நோய் வராது, இரண்டு பேரிடமிருந்தும் வரவேண்டும். எனக்குள்ளும் இருந்திருக்கிறது, எனக்கு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். "பாதி நான் குடுத்தது மாமா" என்றேன். சில்க் போர்டு டிராஃபிக்கில் ஆட்டோ நகரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு ஃபோன் செய்தேன். மாமியார் என்றாலும் எனக்கு அவர் அத்தைதான், என்னைத் தூக்கி வளர்த்தவர். மாமாவுக்குச் சின்ன வயதிலேயே இருட்டில் கண் தெரியாதது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அத்தைக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "அது நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு உள்ளதுதானே. உங்க பெரியப்பாவும் அப்பிடித்தான், பொழுது சாஞ்சா வெளியவே போகமாட்டாரு. நேரத்துல வீட்டுக்கு வர்ற குடும்பம்னு ஊரே சொல்லுமே" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி இறங்கியது. பெரியப்பா என்றால் என் அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணன். அவருக்கு மாலைக்கண். அத்தை கட்டிக்கொண்டதும் சொந்தத்தில், என்னைக் கட்டிக்கொடுத்ததும் சொந்தத்தில். கண் தெரியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஆண்களை ஒழுக்கமானவர்கள் என்று பேசிப் பேசி, அந்த ஒழுக்கத்தைப் பார்த்தே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். ஒரு மனுஷன் தினமும் இருட்டுவதற்குள் ஏன் வீட்டுக்கு ஓடி வருகிறான் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டு அலைந்தேன். கீழே விளையாடப் போகும் என் மகள், மற்ற பிள்ளைகளுக்கு முன்னாலேயே தினமும் மேலே ஓடி வந்துவிடுவாள். அப்பனைப் போலவே பெண் என்று அதையும் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதும் ஃபோனிலேயே கதறினார். என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. என் அப்பாவிடம் மட்டும் பல நாள் பேசவில்லை. இன்றைக்கும் அவரிடம் பழையபடி பேச வரவில்லை. அவருக்கும் ஒன்றும் தெரியாது என்று புத்திக்குத் தெரிகிறது. கோபத்தை வேறு யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மறுபடியும் டிரில்லிங் மெஷினை எடுத்தேன். இந்த முறை செய்தது வேறு வேலை. கண்ணாடி டீபாயை விற்றேன். கால் தடுக்குகிற கம்பளங்களைச் சுருட்டிக் கட்டி வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மாட்டினேன். பால்கனிக் கதவின் படியில் பளிச்சென்று மஞ்சள் பட்டை ஒட்டினேன். கஷ்டப்பட்டு மாட்டியிருந்த ஷெல்ஃபுகளில் தலை உயரத்தில் இருந்ததை எல்லாம் கழற்றி, ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடினேன். எல்லா அறைக்கும் வெள்ளை விளக்கு. ஹார்டுவேர் கடைக்காரர் வழக்கம்போல எந்தச் சுவர் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கைப்பிடிகளை மேஜைமேல் வைத்து, வயசானவங்க வந்திருக்காங்களா என்றார். ஆமாம் என்றேன். பில் போடும்வரைக்கும் நிற்க முடியவில்லை, வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகளிடம் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னோம். கண் கொஞ்சம் வீக்காக இருக்கிறது, அப்பாவுக்கு இருப்பது மாதிரி, போகப்போக இன்னும் கொஞ்சம் குறையலாம் என்றோம். அவள் யோசித்துவிட்டு, "அஞ்சாவது வரைக்கும் கண்ணு தெரியுமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஐந்தாவது என்பதே பெரிய தூரம். அதுக்கு மேலேயும் தெரியும் என்றேன். "காலேஜு?" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

நட்சத்திரங்களைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று ஒருநாள் அவள் அறையில் ஏணியைப் போட்டேன். அவள்தான் தடுத்தாள். "விட்டுடும்மா. என் ஃப்ரெண்ட்ஸ் வந்தா பாக்கட்டும்" என்றாள். சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போய்விட்டாள். நான் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் அவளைத் தூங்க வைத்து விளக்கை அணைத்தால், அவை எனக்கு மட்டும் மின்னுகின்றன. நான் மேலே பார்ப்பதே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. ஹாலைத் துடைப்பதற்காக டைனிங் நாற்காலி ஒன்றை நகர்த்தி வழியில் வைத்துவிட்டு, பால்கனியில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். உள்ளே அப்பாவும் மகளும் ஏதோ விளையாடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகள் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, தன் அறையிலிருந்து ஹாலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கை சுவரைத் தொட்டபடி இருந்தது. முகத்தில் சிரிப்பு. எதிரே சோபாவில் அவள் அப்பா உட்கார்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் இதை ரொம்ப நாளாகவே விளையாடுகிறார்கள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. எங்கே திரும்பவேண்டும், எங்கே சுவரை விடவேண்டும் என்று அவள் காலுக்கே தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சுவரை விட்டுவிட்டு நடு ஹாலுக்கு வந்தாள். நான் வைத்த நாற்காலி அவளுக்கு நேர் எதிரே இருந்தது. என் கணவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைத் தவிர, அதற்குக் கீழே இருந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"நேரா வா கண்ணு. ஒண்ணும் இல்ல, தைரியமா வா" என்றார்.

கையில் இருந்த துணியை அப்படியே போட்டேன். சத்தம் வராமல் ஓடிப்போய், கால் தரையில் உரசாமல் அந்த நாற்காலியை அலாக்காகத் தூக்கி ஒதுங்கினேன். அவள் என் முழங்கையை உரசுகிற தூரத்தில் தாண்டிப் போனாள். அப்பா மடியில் போய் விழுந்து, "இடிக்காம வந்துட்டேன்" என்று கத்தினாள். அவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். நான் அங்கே நின்றது அவர்கள் இருவருக்குமே தெரியாது. நாற்காலியைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு, பால்கனிக்குத் திரும்பி வந்து, ஈரத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், எந்தப் பொருளும் இம்மி நகராமல் எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அழகாக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய வீடுதான் இது. ஆனால் என் மகளுக்குப் பகல் மிச்சம் இருக்கும்போதே அவள் பாதங்களுக்கு இந்த வீடு மனப்பாடம் ஆகிவிடவேண்டும், அதுவரைக்கும் ஒரு நாற்காலிகூட இடம் மாறக்கூடாது என்பதைத் தவிர, எனக்கு இந்த வீட்டைப் பற்றி வேறு எந்த ஆசையும் இல்லை.